செல்லாத தபால் ஓட்டும் சொல்லாத சேதியும்

தேர்தல் வேலைக்குப் போகிற வாத்தியார்களுக்குத் தபால் ஓட்டு பழகிய சங்கதி. பணியில் இருந்த காலமெல்லாம் நானும் அப்படித்தான் ஓட்டுப் போட்டேன். சீட்டில் குறியிட்டு 13பி கவரில் வைத்து ஒட்ட வேண்டும். 13ஏ உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட்டு, கெசட்டட் ஆபீசரிடம் சான்றொப்பம் வாங்க வேண்டும். இரண்டையும் 13சி என்ற பெரிய கவரில் போட்டு அனுப்ப வேண்டியிருந்தது. பயிற்சி வகுப்பின் மதிய இடைவேளையில், பச்சை மையில் கையெழுத்துப் போடுகிற ஆளைத் தேடி அலைவோம். தலைமை ஆசிரியர் யாராவது கண்ணில் பட்டால் விடமாட்டோம்.

ஓட்டு எண்ணும் நாளில் முதலில் எடுப்பது தபால் ஓட்டைத்தான். 13ஏ படிவத்தில் கையெழுத்தோ சான்றொப்பமோ சரியில்லை என்றால், 13பி கவரைப் பிரிக்காமலே தள்ளுபடி செய்ய வேண்டும் என்கிறது 1961-ம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளின் 54ஏ பிரிவு. தள்ளுபடியான சேதியை ஓட்டுப் போட்டவருக்குச் சொல்லச் சொல்லி அதில் ஒரு வரி கிடையாது.

இதன் கனம் 2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரத்தில் தெரிந்தது. அ.தி.மு.க.வின் இன்பதுரை 69,590 ஓட்டு, தி.மு.க.வின் அப்பாவு 69,541. வித்தியாசம் வெறும் 49. தள்ளுபடியான தபால் ஓட்டுகளோ 203. நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்கள் போட்ட சான்றொப்பம் செல்லாது என்பது சொல்லப்பட்ட காரணம். அப்பாவு வழக்குப் போட்டார். அந்த ஓட்டுகளையும் எண்ணச் சொல்லி 2019 அக்டோபர் 1-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அக்டோபர் 4-ல் நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணினார்கள். அன்றே உச்ச நீதிமன்றம் முடிவை வெளியிடத் தடை போட்டது. பதவிக்காலம் முடியும்வரை அந்தக் கணக்கு வெளியே வரவில்லை.

இத்தனை வருடமும் நீதிமன்றத்தில் பேசியவர்கள் வேட்பாளர்களும் அவர்களது வக்கீல்களும். தன் கவர் அந்த 203-ல் ஒன்றா என்பதை ஓட்டுப் போட்ட வாத்தியாருக்குச் சொல்லும் கடமை யாருக்கும் இல்லை.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலும் இப்படி ஒரு இழுபறி நடந்தது. 2004 ஆளுநர் தேர்தலில் முதல் எண்ணிக்கையில் டினோ ரோசி 261 ஓட்டு முன்னிலை. மறு எண்ணிக்கையில் அது 42 ஆனது. மூன்றாவது முறை கையால் எண்ணும்போது, கிங் கவுன்ட்டி மன்றத் தலைவர் லாரி பிலிப்ஸ், தள்ளுபடியான தபால் ஓட்டுப் பட்டியலைப் புரட்டினார். அதில் அவர் பெயரே இருந்தது! அவர் கையெழுத்துப் போட்டுத்தான் அனுப்பியிருந்தார். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய பழைய கையெழுத்து கணினியில் ஏறாமல் போயிருந்தது. தோண்டியதில் அப்படித் தவறாகத் தள்ளப்பட்டவை 573 என்று தெரிந்தது. அவற்றைச் சேர்க்க மாநில உச்ச நீதிமன்றம் இடம் கொடுத்தது. ரோசியை எதிர்த்து நின்ற கிறிஸ்டீன் கிரிகோயர் 129 ஓட்டில் ஜெயித்தார்.

பிலிப்ஸ் பதவியில் இருந்தவர், பட்டியல் அவர் கைக்கு வந்தது. மற்றவர்கள் என்ன செய்வார்கள்? 2005-ல் அந்த மாநிலம் சட்டம் போட்டது. கையெழுத்து இல்லை அல்லது ஒத்துப்போகவில்லை என்றால் வாக்காளருக்குக் கடிதம் போக வேண்டும்; நாள் நெருங்கிவிட்டால் தொலைபேசியில் அழைக்க வேண்டும். அவர் வந்து சரிசெய்தால் ஓட்டு செல்லும்.

நம் நாட்டில் 2023-ல் விதி மாறியது. தேர்தல் பணியாளர்கள் சீட்டை வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது, வாக்காளர் வசதி மையத்திலேயே ஓட்டுப் போட்டுக் கொடுத்துவிட வேண்டும். பச்சை மை தேடும் அலைச்சல் இதனால் குறையும். தள்ளுபடியானால் தகவல் சொல்லும் வழக்கம் மட்டும் இன்னும் வரவில்லை.

தகவல் சொன்னால் ரகசியம் கெடும் என்ற வாதமும் நிற்காது. 13பி கவரைத்தான் பிரிக்கவே இல்லையே. தேர்தல் வேலைக்கு ஆள் பிடிக்க எங்கள் செல்போன் எண் நிர்வாகத்திடம் இருக்கிறது. ஓட்டு தள்ளுபடியானதையும் அதன் காரணத்தையும் அதே எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தியாக அனுப்பட்டும். அந்த முறைக்கு உதவாவிட்டாலும், அடுத்த தேர்தலில் அதே தவறு நடக்காது. தேர்தல் ஆணையம் இதை விதியாகவே எழுத வேண்டும்.