நெருஞ்சி முள்ளும் நீர்க்கடுப்பும்

செஞ்சிக் கோட்டைக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். எல்லா முறையும் மேலே பார்த்தபடிதான் நடந்திருக்கிறேன். ராஜகிரி, கிருஷ்ணகிரி, கல்யாண மகால் என்று அங்கே எல்லாமே தலையை நிமிர்த்த வைப்பவை. அத்தையோடு போன அன்றைக்குத்தான் கீழே பார்த்தேன். மதில் ஓரம் மஞ்சள் பூவோடு தரையில் படர்ந்திருந்த செடியைக் காட்டி, "இதான்டா நெருஞ்சி. இதத்தான் காய்ச்சி மூணு நாள் குடிச்சேன்" என்றார்.

அந்த மூன்று நாள் கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் 1698.

அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் செஞ்சி முகலாயர் கையில் விழுந்தது. 1690-ல் தொடங்கிய முற்றுகை அது. கோட்டைக்குள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம், வெளியே ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான். எட்டு வருஷம் இழுத்தது. கோட்டை விழுவதற்குள் ராஜாராம் தப்பிப் போய்விட்டார். இதெல்லாம் நமக்குத் தெரிந்த வரலாறு.

அதே 1698-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் ஜேம்ஸ் பெட்டிவர் என்ற மருந்து வணிகர். செஞ்சியிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தள்ளி, சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் அறுவை மருத்துவராக இருந்த சாமுவேல் பிரௌன் சேகரித்து அனுப்பிய செடிகளைப் பற்றியது அது. ஒவ்வொன்றின் பெயர், தோற்றம், மருத்துவ குணம். பெயர்களில் பல தமிழ்ப் பெயர்கள். அன்றைய ஐரோப்பியர் தமிழையும் 'மலபார்' மொழி என்றே சொல்வார்கள். பிரௌன் அனுப்பிய செடிகள் காய்ந்த நிலையில் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. அந்தப் பெயர்களை அவர் இங்கே இருந்த வைத்தியர்களிடமும் செடி பறிப்பவர்களிடமும் கேட்டுத்தான் எழுதியிருக்க முடியும்.

கம்பெனி மருத்துவருக்கு நம் ஊர்ச் செடிமேல் ஏன் இவ்வளவு ஆர்வம்? காரணம் எளிது. ஐரோப்பாவிலிருந்து மருந்து கப்பலில் வந்துசேர மாதக்கணக்காகும். ஆனால் ஆட்கள் இங்கே தினமும் செத்துக்கொண்டிருந்தார்கள். செஞ்சியே அதற்குச் சாட்சி. 1750 முதல் 1761 வரை இந்தக் கோட்டை பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது. ஒரு நேரத்தில் நூறு ஐரோப்பியருக்கு மேல் அங்கே இருந்ததில்லை, ஆனாலும் பத்து வருஷத்தில் 1,200 பேரைப் பறிகொடுத்தார்கள் என்று ராபர்ட் ஆர்ம் எழுதிவைத்திருக்கிறார். கர்நாடகப் பகுதியிலேயே உடம்புக்கு ஒவ்வாத இடம் என்று பெயரெடுத்த கோட்டை இது.

பிரௌன் தொடங்கிய வேலையைப் பெரிதாகச் செய்தவர் வைட்லா ஐன்ஸ்லி, சென்னை மாகாண ராணுவ மருத்துவர். 1813-ல் சென்னையிலேயே அச்சான அவருடைய மருந்துப்பொருள் நூல் 1826-ல் விரிவாகி 'மெட்டீரியா இண்டிகா' என்று இரண்டு தொகுதிகளாக லண்டனில் வந்தது. நீர்முள்ளி வேரைச் சிறுநீர் பெருக்கியாகத் தமிழ் வைத்தியர்கள் கொடுப்பதை அதில் பதிவு செய்கிறார். அதே நூற்றாண்டில் ஆங்கில மருத்துவர்களை வியக்கவைத்த இன்னொரு செடி ஆனை நெருஞ்சில். அதன் பச்சைத் தண்டையும் இலையையும் தண்ணீரில் விட்டுக் கலக்கினால் தண்ணீர் முட்டை வெள்ளைக்கரு மாதிரி கொழகொழவென்று ஆகும். சில மணி நேரத்தில் மறுபடி பழைய தண்ணீராகிவிடும். நீர்க்கடுப்புக்குக் குடிக்கக் கொடுப்பது அந்தக் கொழகொழ நீரைத்தான்.

இந்த 'நீர்க்கடுப்பு' என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. அது ஓர் அறிகுறியின் பெயர். எங்கள் வேலையில் 'சைட் ஓபன் ஆகலை' என்று ஒரு புகார் வரும். காரணம் சர்வராக இருக்கலாம், நெட்டாக இருக்கலாம், வயர் பிடுங்கிக்கொண்டதாகவும் இருக்கலாம். ஒண்ணுக்குப் போனால் எரிவதும் அப்படித்தான். தண்ணீர் குறைவாகக் குடித்ததால் எரியலாம், கல்லால் எரியலாம், கிருமியாலும் எரியலாம். 'சூடு புடிச்சிக்கிச்சு' என்று மூன்றையும் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறோம். பெரும்பாலான தொற்றுக்குக் காரணமான ஈ.கோலை பாக்டீரியாவைத் தியோடர் எஷெரிக் விவரித்தது 1885-ல். அதற்கு முன் எந்த ஊர் வைத்தியரும் கிருமியால் வரும் எரிச்சலைத் தனியாகப் பிரித்துப் பார்த்திருக்க வழியில்லை.

சரி, செடி வேலை செய்யுமா? நெருஞ்சியை வைத்து உறுதியாகச் சொல்லும் அளவுக்குப் பெரிய பரிசோதனை எதையும் நான் படித்ததில்லை. ஐரோப்பியர் தங்கள் பாட்டி வைத்தியத்தைப் பரிசோதித்திருக்கிறார்கள். ஜெர்மனியில் 398 பெண்களில் ஒரு பாதிக்கு ஆன்டிபயாடிக், மறுபாதிக்குப் பேர்பெர்ரி என்ற செடியின் இலைச்சாறு கொடுத்தார்கள். செடி எடுத்த பலருக்கு ஆன்டிபயாடிக் தேவைப்படவே இல்லை. ஆனால் எரிச்சலும் வலியும் அவர்களுக்குத்தான் அதிகம். தொற்று சிறுநீரகம் வரை ஏறியது செடிக் குழுவில் 8 பேருக்கு, மாத்திரைக் குழுவில் 2 பேருக்கு.

2018-ல் வந்த இன்னொரு ஆய்வு எனக்கு ரொம்பப் பிடித்தது. அடிக்கடி தொற்று வரும், தண்ணீர் குறைவாகக் குடிக்கும் 140 பெண்களில் பாதிப் பேரைத் தினமும் ஒன்றரை லிட்டர் தண்ணீர் கூடுதலாகக் குடிக்கச் சொன்னார்கள். அவ்வளவுதான். மற்றவர்களுக்கு ஒரு வருஷத்தில் சராசரியாக 3.2 முறை வந்த தொற்று, இவர்களுக்கு 1.7 முறைதான் வந்தது.

கஷாயம் என்பதில் பெரும்பகுதி தண்ணீர்தானே! நெருஞ்சி குடித்தவர்கள் நன்றி சொல்ல வேண்டியதில் ஒரு பங்கு சொம்புக்கும் உண்டு.

இப்போது அத்தை கதை. அவர் கஷாயம் குடித்த மூன்று நாளும் எரிச்சல் குறைந்தது உண்மை. நாலாவது நாள் ராத்திரி குளிர்ஜுரம், விலாவுக்குப் பின்னால் வலி. தொற்று சிறுநீரகத்துக்குப் போயிருந்தது. ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஆனால் கஷாயத்தை மட்டும் குற்றம் சொல்லிவிட முடியாது. அதற்கு முந்தைய தடவைகளில் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையை இரண்டு நாள் போட்டு நிறுத்தியவர் அவர். கல்ச்சர் டெஸ்ட் எடுத்தபோது, வழக்கமான மாத்திரைகளில் பாதி வேலை செய்யாது என்று வந்தது. செடியையும் மாத்திரையையும் நாங்கள் ஒரே மாதிரிதான் கையாண்டிருக்கிறோம். எரிச்சல் நின்றால் நோய் போயிற்று என்று கணக்கு.

இதை அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வயக்காட்டுக்குப் போற பொம்பள எங்கடா ஒதுங்குறது? அதான் தண்ணியே குடிக்கிறதில்ல. சின்ன வயசுலேந்து அப்படித்தான்" என்றார்.

எட்டு வருஷ முற்றுகையில் எந்தத் தளபதி எந்த வாசலில் நின்றான் என்று எழுதிவைத்திருக்கிறோம். இந்தக் குன்றடியில் காலமெல்லாம் தாகத்தை அடக்கி வேலை செய்த பெண்களைப் பற்றிய குறிப்பு, ஐன்ஸ்லி போன்றவர்கள் எழுதிய ஒரு வேரின் குணத்துக்குள் ஒளிந்திருக்கிறது. அந்த மருந்து யாருக்குத் தேவைப்பட்டது, ஏன் தேவைப்பட்டது என்று அவர்கள் கேட்கவில்லை. நாமும் கேட்டதில்லை.

இறங்கும்போது அத்தை நெருஞ்சியில் ஒரு கைப்பிடி பறித்துப் பையில் போட்டுக்கொண்டார். நான் தடுக்கவில்லை. குடிக்கட்டும். ஆனால் ஜுரமோ விலா வலியோ வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போவது என்று பேசி வைத்திருக்கிறோம். தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். "பஸ்ல ரெண்டு மணி நேரம் போவணும்டா" என்று தயங்கி, ஒரு வாய் மட்டும் குடித்தார்.