வாக்கெடுப்புக்கு முந்தைய வாரம்

ஆணையர் ஒருவரைத் தொழிலதிபர் தனியே சந்தித்துப் பேசினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்டால், பலரும் லஞ்சத்தைத்தான் சொல்வார்கள். அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யின் வரலாற்றைப் பார்த்தால் லஞ்சம் பாதிக் கதைதான். 1958-இல் நாடாளுமன்றத் துணைக்குழு ஒன்று ஆணையத்தைத் துருவியது. மயாமி நகரின் 10-ஆம் சேனல் உரிமத்துக்காக ஒரு விண்ணப்பதாரர் பக்கம் பரிந்துபேசிய நண்பரிடம் பணம் பெற்றிருந்தது அம்பலமாகி, ஆணையர் ரிச்சர்ட் மேக் அந்த ஆண்டு மார்ச்சில் பதவி விலகினார். அதைக் குற்றம் என்று சொல்லப் புதிய விதி எதுவும் தேவைப்படவில்லை. சட்டத்தை மாற்றியது, பார்வைக்குச் சாதாரணமாகத் தெரிந்த இன்னொரு விவகாரம். இலினாய் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டுக்குரிய 2-ஆம் சேனலை ஆணையம் செயின்ட் லூயிஸுக்கு மாற்றியது. அதனால் லாபம் பெறவிருந்த நிறுவனத்தின் தலைவர் ஆணையர்களைத் தனித்தனியே பார்த்துப் பேசினார். மதிய விருந்துக்கு அழைத்துப் போனார். கிறிஸ்துமஸுக்கு வான்கோழி அனுப்பினார். இது பொதுவிதி வகுக்கும் வேலைதான், இரு தரப்பு வழக்கு இல்லை, ஆகவே தனிப்பேச்சுக்குத் தடையில்லை என்று வாதிடப்பட்டது. வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1959-இல் அதை ஏற்கவில்லை. மதிப்புமிக்க ஓர் உரிமைக்கு இருவர் போட்டியிடும்போது, ஒருவர் சொன்னது மற்றவர் காதில் விழாமல் போனால் அந்த முடிவு செல்லாது என்றது.

1976-இன் ‘சன்ஷைன்’ சட்டம், முறையான விசாரணைகளில் இத்தகைய தனிப்பேச்சைத் தடை செய்தது. ஆணையக் கூட்டத்தை ஒரு வாரம் முன்பே அறிவிக்கவும் சொன்னது. மறு ஆண்டு ஹோம் பாக்ஸ் ஆபிஸ் வழக்கில், கட்டணக் கேபிள் விதிகள் குறித்து யார் யார் ஆணையத்தில் தனியே பேசினார்கள் என்று அதே நீதிமன்றம் கேட்டது. வந்த பட்டியல் 60 பக்கங்களைத் தாண்டியது. கோப்பில் ஒரு காரணமும் ஆணையர் மனத்தில் வேறொரு காரணமும் இருந்தால், மேல்முறையீட்டில் நீதிபதி எதைச் சோதிப்பார்?

இதற்கு வலுவான மறுப்பு உண்டு. ஆணையர் நீதிபதி அல்லர். தொழில்நுட்பம் தெரிந்தவர்களிடம் கேட்காமல் நல்ல விதி எழுத முடியாது. 1981-இன் சியரா கிளப் வழக்கில் நீதிமன்றமே இதை ஒப்புக்கொண்டது. எஃப்.சி.சி. கண்ட வழியும் இதற்கு இடம் தருகிறது: பெரும்பாலான விதி வகுப்புகளில் பேசலாம், ஆனால் பேசியதைக் கோப்பில் சேர்க்க வேண்டும். “புதிதாக எதுவும் சொல்லவில்லை” என்று காட்டி நழுவ இருந்த வழியை 2011 திருத்தம் அடைத்தது. சந்திப்பு எதுவானாலும் அதன் சாரம் இரண்டு வேலைநாளுக்குள் பதிவாக வேண்டும். வாக்கெடுப்புக்கு முந்தைய வாரம் பொதுவாக வாய்ப்பூட்டுதான். பதில் சொல்ல எதிராளிக்கு நாள் மிஞ்சாத காலம் அது என்பதால் அந்தக் கண்டிப்பு நியாயமானது.

ஆணையரே கூப்பிட்டுக் கேட்டால் அந்த வாரத்திலும் விலக்கு உண்டே, அப்புறம் எதற்கு விதி என்று கேட்கலாம். அந்தப் பேச்சும் பதிவாக வேண்டும் என்பதே பதில். இன்னொரு முரணையும் பார்க்க வேண்டும். ஐந்து ஆணையர்களில் மூவர் கூடி ஆணையத்தின் அலுவலைத் தனியே விவாதிக்க சன்ஷைன் சட்டம் விடாது. நிறுவனத்தின் வழக்கறிஞரோ ஐந்து அறைகளுக்கும் தனித்தனியே போய்வரலாம். சக ஆணையர்களைவிட அவருக்கே அதிகம் தெரிந்திருக்கும் நிலையில், அவர் எந்த அறையில் என்ன சொன்னார் என்பதை மற்றவர்களுக்குக் காட்டுவது அந்தப் பதிவு மட்டும்தான்.