புள்ளடி இடாத இடத்தில் யாருடைய தெரிவு?

பாராளுமன்றத் தேர்தலில் பாலமுனை வாக்காளரின் கைக்கு வரும் திகாமடுல்ல மாவட்ட வாக்குச்சீட்டு இரண்டு விதமாகக் கேட்கிறது. கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ ஒரேயொரு புள்ளடி. பிறகு, அதே அணியின் வேட்பாளர்களில் மூவர் வரை விருப்பு இலக்கங்கள். இணையப் படிவத்தில் முதல் வகைக்கு ரேடியோ பொத்தான் என்னும் சிறு வட்டம். இரண்டாம் வகைக்குச் சதுரப் பெட்டி.

வெறுமையாக விடப்பட்ட சீட்டு நிராகரிக்கப்படும். அதைப் பட்டியலின் முதற் கட்சிக்கு யாரும் எழுதிவிடுவதில்லை. இந்த நேர்மை இணையப் படிவத்துக்கு வந்துசேர ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின.

ரேடியோ பொத்தான் என்ற பெயர் பழைய கார் ரேடியோவிலிருந்து வந்தது. அதில் ஒரு நிலையப் பொத்தானை அழுத்தினால், முன்பு அழுத்தியிருந்தது தானாக மேலே எழும். ஒரே நேரத்தில் இரண்டு நிலையங்களைக் கேட்க முடியாது அல்லவா? இணையப் பக்கங்களை எழுதப் பயன்படும் எச்.ரி.எம்.எல். மொழியில் அந்த இயந்திரக் கட்டுப்பாட்டின் வேலையை ‘நேம்’ என்ற பண்பு செய்கிறது. ‘இன்புட்’ உறுப்புக்கு ‘ரேடியோ’ என்று வகை கொடுத்து, ஒரு கேள்வியின் எல்லா வட்டங்களுக்கும் ஒரே ‘நேம்’ வைத்தால் அவை ஒரு குழுவாகும். பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் அந்த வட்டம் குழுவை விட்டு விலகிவிடும். ஒரே கேள்விக்கு இரண்டு பதில்கள் பதியும். ஒவ்வொரு வட்டத்துக்கும் தனித்தனி ‘வேல்யூ’ வேண்டும். அனுப்பப்படுவது அதுதான்.

1995 நவம்பரில் ரிம் பேர்னர்ஸ் லீயும் டான் கொனொலியும் எழுதிய எச்.ரி.எம்.எல். 2.0 வரையறை, ஆர்.எஃப்.சி. 1866 என்ற இலக்கத்துடன் வெளியானது. ஒரு குழுவில் எப்போதும் ஒரு வட்டம் நிரம்பியிருக்க வேண்டும். படிவம் எழுதியவர் எதையும் குறிக்காவிட்டால், உலாவி முதலாவதை நிரப்ப வேண்டும் என்றது அது.

இதன் விளைவு சிறியதல்ல. கடிதம் எந்த மொழியில் வேண்டும் என்று கேட்கும் படிவமொன்றில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்ற வரிசை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தக் கேள்வியைக் கவனிக்காமல் கடந்த பாலமுனைவாசி சிங்களத்தைத் தெரிவுசெய்தவராகிவிடுவார். தரவுத்தளத்தில் அவருடைய மௌனமும் விருப்பமும் ஒரே மாதிரித்தான் தெரியும். பின்னால் வரும் ஆய்வாளர் எவராலும் அவற்றைப் பிரித்தெடுக்க முடியாது.

உலாவிகளோ அந்த விதியை ஒரேபோலப் பின்பற்றவில்லை. 1999 டிசம்பரில் வந்த எச்.ரி.எம்.எல். 4.01 அதை ஒப்புக்கொண்டு, எதுவும் குறிக்கப்படாவிட்டால் என்ன நடக்கும் என்பதை வரையறுக்காமல் விட்டது. ஆனாலும், ஒன்றை முன்கூட்டியே நிரப்பி வைக்குமாறு படிவம் எழுதுவோருக்கு அறிவுரை சொன்னது. பொறுப்பு உலாவியிடமிருந்து மனிதரிடம் வந்தது. பிழை அப்படியே இருந்தது. நான்காம் பதிப்பு தந்த ‘லேபல்’ உறுப்பு மட்டும் பெரிய நன்மை: வட்டத்தைக் குறிபார்த்துத் தொடாமல், பக்கத்திலுள்ள சொல்லைத் தொட்டாலே போதும்.

2014 ஒக்டோபர் 28இல் பரிந்துரையான எச்.ரி.எம்.எல்.5, எல்லா வட்டங்களும் வெறுமையாகத் தொடங்கலாம் என்று தெளிவாக ஏற்றது. பதில் கட்டாயமென்றால் ‘ரிக்வயர்ட்’ என்று ஒரு வட்டத்தில் எழுதினால் போதும்; குழு முழுவதையும் அது கட்டுப்படுத்தும்.

கார் ரேடியோவின் ஒரு குணம் மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நிரம்பிய வட்டத்தை மீண்டும் தொட்டு வெறுமையாக்க முடியாது. ஆகவே கட்டாயமில்லாத கேள்வியில், ‘பதிலளிக்க விரும்பவில்லை’ என்ற இன்னொரு வட்டத்தைப் படிவம் எழுதுபவரே சேர்க்க வேண்டியிருக்கிறது.