தாது வருஷத்து விண்ணப்பம்

இரும்புலியூரைக் கடந்து தெற்கே செல்லும் பெருஞ்சாலையின் சந்தடியில் நாளும் நடமாடும் நமக்கு, ஏரிகளையும் மழையையும் நம்பி வாழ்ந்த இந்தச் செங்கற்பட்டுச் சீமையும் 1876 முதல் 1878 வரை தென்னாட்டையே உலுக்கிய தாது வருஷப் பஞ்சத்தில் வாடியது எளிதில் நினைவுக்கு வருவதில்லை. அடையாற்றையும் கூவம் ஆற்றையும் இணைக்கும் கால்வாய், அந்நாளில் கூலிக்கு வந்த பஞ்சை ஜனங்கள் வெட்டியதேயாகும்.

சர்க்கார் கொடுத்த கூலி உயிரைப் பிடித்து வைக்கவும் போதாதிருந்த நிலையில், 1877 ஆகஸ்ட் 4 அன்று சென்னையில் கூடிய பொதுக்கூட்டம் லண்டன் மேயருக்குத் தந்தி அனுப்பி உதவி வேண்டிற்று. ‘மெட்ராஸ் டைம்ஸ்’ ஆசிரியர் வில்லியம் டிக்பி நிவாரணக் கமிட்டியின் காரியதரிசியாக இருந்து, ஜனங்களின் அவஸ்தையைக் கடல் கடந்தவர்க்கும் எடுத்துரைத்தார். ஐந்து லட்சம் பவுனுக்கு மேல் நிதி திரண்டது. அது விதைநெல்லாகவும் உழவு மாடாகவும் குடிசைக்குக் கூரையாகவும் குடியானவரைச் சேர்ந்தது. அடுத்த ஆண்டே டிக்பி அந்த வரலாற்றை இரண்டு பாகங்களில் எழுதி வெளியிட்டார்.

அதே காலத்தில் ஹூப்பர் என்னும் ராணுவ அதிகாரி, எலும்பும் தோலுமான மாந்தரை வரிசையாக உட்கார வைத்துப் படம் பிடித்தார். அப்படங்களில் பசி தெரிகிறது. பசித்தவரின் பெயரும் ஊரும் தெரியவில்லை. இரக்கத்தை எழுப்புவதற்காக ஒருவரின் மானத்தைப் பறிப்பது தர்மமாகாது.

பஞ்சத்துக்குப் பத்தாண்டு முன்பே, 1867 மே 23 அன்று, வடலூரில் தருமச்சாலை கண்ட இராமலிங்க அடிகள், சாதி சமய பேதமின்றி வந்தவர்க்கெல்லாம் அன்னமிடும் முறையை வகுத்தார். அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிகிறது. கொடுத்தவர்க்குச் சொல்லும் கணக்கும் அதுவே, பசித்தவர்க்கு விடுக்கும் அழைப்பும் அதுவே.

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் மேற்குத் தாம்பரமும் மூழ்கியபோது, சோற்றுப் பொட்டலம் வேண்டும் என்ற செய்தி கைப்பேசி வழியே நொடியில் பரவிற்று. தந்தியினும் விரைவான கருவி நம் கையில் இருப்பதால் பொறுப்பும் பெரிதாகிறது. ஆகவே அன்னதான சங்கங்களை நடத்தும் அன்பர்கள், கையேந்தியவரின் முகத்தைப் படமாக்குவதை விடுத்து, வந்த அரிசி எவ்வளவு, வடித்த சோறு எவ்வளவு என்று எழுதி வாசலில் ஒட்டி வைப்பார்களாக.