குவாத்தமாலா ஆட்சிக் கவிழ்ப்பு (1954)

மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவில், தேர்தலில் வென்று வந்த குடியரசுத் தலைவர் ஹகோபோ ஆர்பென்ஸின் ஆட்சியை அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. 1954 ஜூனில் கவிழ்த்த நிகழ்வு. வல்லரசுத் தலையீட்டால் நன்மையா தீமையா என்ற விவாதத்தில் இதை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. ஆர்பென்ஸ் 1952இல் கொண்டுவந்த சட்டம், பெரும்பண்ணைகளில் தரிசாகக் கிடந்த நிலத்தை எடுத்து ஏழை உழவர்களுக்குக் கொடுத்தது. அதில் பெருமளவு நிலம் இழந்தது அமெரிக்காவின் யுனைடெட் ஃப்ரூட் வாழைப்பழ நிறுவனம். வரிக்கணக்கில் அந்நிறுவனமே காட்டியிருந்த மதிப்பின்படி ஏறத்தாழ 6 லட்சம் டாலர் தர அரசு முன்வந்தது. வாஷிங்டன் கேட்டதோ 1.5 கோடி டாலருக்கும் மேல்.

சோவியத் யூனியன் காலூன்றுவதைத் தடுக்கவே தலையிட்டதாக ஆதரவாளர்கள் வாதிடுவர். ஆர்பென்ஸுக்குக் கம்யூனிஸ்டுகள் நெருக்கமானவர்கள்தான். செக்கோஸ்லோவாக்கிய ஆயுதங்கள் கப்பலில் வந்ததும் உண்மைதான். ஆனால் நாடாளுமன்றத்தில் கம்யூனிஸ்டுகளுக்கு இருந்தவை வெறும் 4 இடங்கள். அமைச்சரவையில் ஒன்றுகூட இல்லை. அமெரிக்கா ஆயுதம் விற்க மறுத்துவந்ததால்தான் அந்தக் கப்பலே வந்தது. இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜப்பானை அமெரிக்கா மீட்டெடுக்கவில்லையா என்று ஆதரவாளர்கள் எழுப்பும் கேள்வி வலுவானது. அங்கே நிலச்சீர்திருத்தத்தை முன்னின்று நடத்தியதே அமெரிக்க நிர்வாகம்தான். இங்கே அதே சீர்திருத்தத்தைச் செய்த அரசை அது வீழ்த்தியது. ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் ஆட்சிக்கு வந்த காஸ்தியோ ஆர்மாஸ் நிலங்களைத் திரும்பப் பறித்தார். 1960 முதல் 1996 வரை நீண்ட உள்நாட்டுப் போரில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் அல்லது காணாமல் போயினர். அடையாளம் காணப்பட்டோரில் 83 விழுக்காட்டினர் மாயா பழங்குடியினர். கொன்றது உள்ளூர் ராணுவம்தானே என்பர். அத்தகைய படைகளை அமெரிக்கா ஆதரித்தது தவறு என 1999இல் குவாத்தமாலா சென்ற அமெரிக்க அதிபர் கிளிண்டனே ஒப்புக்கொண்டார்.