ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு புலி

கோடை விடுமுறையிலும் பொங்கலையொட்டியும் பிள்ளைகுட்டிகளைக் கூட்டிக்கொண்டு பட்டணம் பார்க்கப் போவது தமிழ்நாட்டு ஊர்களில் பல தலைமுறைகளாக இருந்துவரும் வழக்கம். இந்த வழக்கம் எப்படி வந்தது என்று கேட்டால் ‘ரயில் வந்தது, ஜனங்கள் போனார்கள்’ என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள். அது பாதி உண்மை. 1856-ல் ராயபுரத்திலிருந்து ஆற்காடு பக்கம் முதல் ரயில் ஓடியது. அடுத்த சில பத்தாண்டுகளில் இருப்புப் பாதை தெற்கேயும் மேற்கேயும் நீண்டது. ஆனால் ரயில் ஆளைக் கொண்டுவந்து இறக்கிவிடும், அவ்வளவுதான். வழக்கு, வைத்தியம், வேலை என்று தனியாளாகப் போய்வந்த ஊருக்கு மனைவி மக்களோடு போகலாம் என்ற எண்ணம் வர வேண்டுமானால், அங்கே குழந்தைக்கென்று பார்க்க ஏதாவது இருக்க வேண்டும். அது கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தே போகும் தூரத்திலும் இருக்க வேண்டும். சென்னையில் இந்த இரண்டும் அமைந்தன. பட்டணம் பார்க்கும் வழக்கத்தைச் சாமானியக் குடும்பத்துக்கும் எட்டவைத்தது, ரயிலடியை ஒட்டியிருந்த பொது இடங்கள்தான்.

இந்த இடங்கள் எவையும் குழந்தைகளுக்காகத் தொடங்கப்பட்டவை அல்ல. சென்னை அருங்காட்சியகம் 1851-ல் நுங்கம்பாக்கத்துக் கல்லூரிக் கட்டடத்தில், பெரும்பாலும் கல்லும் கனிமமுமான மாதிரிகளோடு தொடங்கியது. 1854-ல் எழும்பூருக்கு மாறியது. அதன் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர். உயிருள்ள புலி போன்ற மிருகங்களை அருங்காட்சியக வளாகத்தில் வைத்தபோது ஆயிரக்கணக்கில் ஜனங்கள் வந்ததை அவர் கவனித்தார். கர்நாடக நவாபிடம் பேசி, அவர் வளர்த்த விலங்குகளைக் கேட்டு வாங்கி, 1855-ல் அங்கேயே ஒரு விலங்கினக் காட்சிச்சாலையை உண்டாக்கினார். மறு ஆண்டிலேயே அங்கே முந்நூறுக்கும் மேற்பட்ட உயிரினங்கள் இருந்தன. 1860-களின் தொடக்கத்தில் அது நகராட்சியின் கைக்கு மாறி, ஆளுநர் டிரெவிலியன் திட்டமிட்ட பீப்பிள்ஸ் பார்க்குக்குக் குடிபெயர்ந்தது. ஆய்வுக்கென்று சேர்த்த கற்களை விட்டுவிட்டு ஜனங்கள் புலியைப் பார்க்க வந்தார்கள் என்பதே இந்த வரலாற்றின் முதல் சான்று. நிறுவனம் அறிவியலுக்காகப் பிறந்தது. அதைக் குடும்பங்களின் இடமாக ஆக்கியவர்கள் பார்க்க வந்தவர்கள்.

அடுத்து நிலையங்கள் வந்தன. 1873-ல் சென்ட்ரல் திறக்கப்பட்டது. பீப்பிள்ஸ் பார்க் அதன் பக்கத்திலேயே இருந்தது. 1900-ல் அதே வட்டாரத்தில் மூர் மார்க்கெட் வந்தது. 1908-ல் தென் மாவட்டங்களின் வாசலாக எழும்பூர் நிலையம் எழுந்தது. அங்கிருந்து அருங்காட்சியகத்துக்குக் கால்மணி, இருபது நிமிட நடை. ஆக, எந்தத் திசையிலிருந்து வந்தாலும் இறங்கும் இடத்துக்கு அருகே பிள்ளைகளுக்குக் காட்ட ஒன்று இருந்தது. ஊர்வழக்கில் அருங்காட்சியகம் செத்த காலேஜ், விலங்கினக் காட்சிச்சாலை உயிர் காலேஜ். சென்ட்ரலில் இறங்கும் குடும்பம் ஒரு பகலை எப்படிக் கழித்திருக்கும் என்று பாருங்கள். எதிரே ராமசாமி முதலியார் சத்திரத்தில் மூட்டையைப் போடலாம். தூக்கில் கொண்டுவந்த புளிச்சோற்றைப் பூங்காவில் ஒரு மரத்தடியில் பிரித்துக்கொள்ளலாம். குரங்குக் கூண்டையும் புலிக்கூண்டையும் காட்டிவிட்டு, மூர் மார்க்கெட்டில் பேரம் பேசி ஒரு பொம்மை வாங்கித் தரலாம். வண்டிச் சத்தம் என்று தனியாக ஒரு செலவு கிடையாது. சாயங்காலம் கடற்கரை. ஆளுநர் கிராண்ட் டஃப் 1880-களில் மெரினாவில் நடைபாதை அமைத்தார்; 1909-ல் அங்கே ஒரு மீன் காட்சிச்சாலையும் திறக்கப்பட்டு, இரண்டாம் உலகப் போர்க் காலம்வரை நடந்தது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு: குடும்பத்தோடு பயணம் போவது புதிதா என்ன, திருப்பதிக்கும் பழனிக்கும் போனவர்கள்தானே பட்டணத்துக்கும் போனார்கள்? போனார்கள். சத்திரத்தில் தங்குவது, கட்டுச்சோறு, உறவுக்காரர் வீட்டில் இறங்குவது எல்லாம் யாத்திரையிலிருந்து வந்த பழக்கங்களே. பட்டணம் போனவர்கள் பார்த்தசாரதியையும் கபாலியையும் சேவிக்காமல் திரும்பியதும் இல்லை. ஆனால் யாத்திரையில் குழந்தை வேண்டுதலுக்கு உரிய பொருள்: மொட்டை அடிப்பார்கள், காது குத்துவார்கள், அதோடு அதன் பங்கு முடிந்தது. உயிர் காலேஜில் பார்ப்பதே குழந்தைதான். பெரியவர்கள் அதற்குத் துணை. குழந்தையின் வேடிக்கைக்காகப் பெரியவர்கள் காசு சேர்த்து ஊர்விட்டு ஊர் போவது யாத்திரையில் இல்லாத புது ஏற்பாடு. இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. ரயில் கட்டணத்துக்கே வழியில்லாத கூலிக் குடும்பங்களுக்கு இதெல்லாம் எட்டியதா? பலருக்கு எட்டவில்லை என்பதே உண்மை. ஆனால் அந்த உண்மை என் வாதத்துக்கு வலுவே சேர்க்கிறது. டிக்கெட்டே பெரும்பாடாக இருந்தபோது, இறங்கிய பின் பெரிய செலவு வைக்காத இடங்கள் இருந்ததால்தான் விளிம்பில் நின்ற குடும்பங்களில் சிலவாவது உள்ளே வர முடிந்தது.

இந்த ஏற்பாடு குலைந்த ஆண்டையும் குறிப்பிட்டுச் சொல்ல முடியும். 1985-ல் மூர் மார்க்கெட் தீயில் அழிந்தது. அதே ஆண்டு நகருக்கு வெளியே, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தள்ளி, வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா திறக்கப்பட்டு, பீப்பிள்ஸ் பார்க்கின் விலங்குகள் அங்கே போயின. மார்க்கெட் இருந்த இடம் ரயில்வேயின் வளாகமானது. விலங்குகளின் பக்கம் நின்று பார்த்தால் இந்த மாற்றம் நியாயமானது. நகர நெரிசலில் சிறு கூண்டுகளுக்குள் மிருகங்கள் பட்ட பாட்டுக்கு யாரும் ஏங்கத் தேவையில்லை. வண்டலூரில் இன்றும் கூட்டம் அலைமோதுகிறது, ஆகவே வழக்கம் அழியவில்லை என்பார்கள். அதையும் ஒப்புக்கொள்கிறேன். காணும் பொங்கலன்று மெரினாவில் குழந்தைகள் தொலைந்துபோகாமல் இருக்க, பெற்றோரின் தொலைபேசி எண் எழுதிய பட்டையைப் போலீசார் பிள்ளைகளின் கையில் கட்டிவிடும் அளவுக்கு வழக்கம் உயிரோடு இருக்கிறது. மாறியது அதன் கணக்கு. ஒரு பகலில் கால்நடையாக நாலு இடம் பார்த்த பயணம், ஒரு நாளைக்கு ஓர் இடம் என்று ஆனது. மின்சார ரயிலும் பஸ்ஸும் வண்டலூருக்குப் போகின்றன; ஆனால் கைக்குழந்தையும் மூட்டையுமாக ஏறி இறங்கிய தாய்க்கு அந்த 30 கிலோமீட்டர் வேறு கணக்கு. இதற்கிடையே பிள்ளைகளுக்கான பொழுதுபோக்கு, புறநகரில் தலைக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் தனியார் கேளிக்கைப் பூங்காக்களின் வியாபாரமாகவும் வளர்ந்தது. 2016 முதல் ரயிலில் ஐந்து வயது தாண்டிய பிள்ளைக்குத் தனிப் படுக்கை வேண்டுமானால் முழுக் கட்டணம்.

விலங்குகளை இடம் மாற்றியது பிழையில்லை. அவை விட்டுச்சென்ற இடத்தில் பிள்ளைகளுக்கென்று எதையும் வைக்காமல் போனதே பிழை. நகரத் திட்டங்களில் ரயிலடியைப் பயணிகள் கடந்துபோகும் இடமாகவே கருதுகிறார்கள். ஒரு காலத்தில் அது வெளியூர்க் குடும்பம் நகரத்தோடு முதலில் உறவு கொள்ளும் இடமாக இருந்தது. சென்ட்ரலைச் சுற்றிச் சதுக்கமும் மெட்ரோவும் எழும்பிவிட்ட இந்தக் காலத்தில், அங்கே ஒரு நல்ல சிறுவர் பூங்காவுக்கு இடம் ஒதுக்குவது அரசுக்குப் பெரிய காரியமல்ல. அதுவரை ஒன்று மிச்சமிருக்கிறது. எழும்பூர் அருங்காட்சியகம் அதே இடத்தில்தான் இருக்கிறது. திமிங்கலத்தின் எலும்புக்கூடும் இருக்கிறது, 1988-ல் திறந்த சிறுவர் அருங்காட்சியகமும் இருக்கிறது. நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை.