கல்லூரி எழுத்துப் பாடத்தில் பாலினமும் ரெட்டரிக்கும்

அமெரிக்கக் கல்லூரிகளில் கணிப்பொறி படிக்க வந்தவரானாலும் செவிலியர் பயிற்சிக்கு வந்தவரானாலும் முதலாண்டில் பெரும்பாலும் தப்பமுடியாத பாடம் ஒன்று உண்டு. காம்போசிஷன் என்று அதற்குப் பெயர். 1874ல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் தன் நுழைவுத்தேர்வில் ஆங்கிலக் கட்டுரை ஒன்றைச் சேர்த்தது. நல்ல பள்ளிகளிலிருந்து வந்த பையன்கள் எழுதியதைப் பார்த்துப் பேராசிரியர்கள் திடுக்கிட்டார்கள். 1885ல் 'இங்கிலீஷ் ஏ' என்ற பெயரில் முதலாண்டு மாணவர்களுக்கு எழுத்துப் பாடம் வந்தது. மற்ற கல்லூரிகளும் அதே வழியில் போயின.

எழுதக் கற்றுக்கொடுக்க வேண்டுமானால் எதைப் பற்றியாவது எழுதவைக்க வேண்டும். 'என் கோடை விடுமுறை' என்று எத்தனை கட்டுரைதான் எழுதமுடியும்? ஆகவே ஆசிரியர்கள் பாடத்தை ஒரு பொருளோடு கட்டிவிடுகிறார்கள். சிலர் உணவு, சிலர் சுற்றுச்சூழல், சிலர் விளையாட்டு. அப்படி அமைந்த பாடங்களில் ஒன்றுதான் பாலினமும் ரெட்டரிக்கும். இப்போது இணையவழியிலும் நடப்பதால், வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களும் குழந்தை தூங்கியபின் மடிக்கணினியைத் திறக்கும் தாய்மார்களும் இதில் சேரமுடிகிறது. நம்மவர் வீட்டுப் பிள்ளைகளும் இதைப் படிக்கிறார்கள். 'இதெல்லாம் ஒரு பாடமா, இதற்கா இத்தனை டாலர்' என்று பெற்றோர் கேட்பதுண்டு. அந்தக் கேள்விக்காகவாவது இந்தப் பாடத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

முதலில் அந்தச் சொல். ரெட்டரிக் என்பதற்கு நாவன்மை, பேச்சுக்கலை, அணியியல் என்று ஆளுக்கொரு தமிழ்ச்சொல் வைத்திருக்கிறோம். திருக்குறளின் 65ஆம் அதிகாரத் தலைப்பான 'சொல்வன்மை' இவற்றைவிடக் கிட்டே வருகிறது. 72ஆம் அதிகாரமான 'அவையறித'லையும் அதோடு சேர்த்துக்கொண்டால் இன்னும் கிட்டே வரும். யாரிடம், எப்போது, எப்படிச் சொன்னால் கேட்பவர் இணங்குவார் என்பதைப் பற்றிய படிப்பு என்று வைத்துக்கொள்வோம். அரிஸ்டாட்டில் இணங்கவைக்கும் வழிகளை மூன்றாகப் பிரித்தார்: சொல்பவரின் தகுதி, கேட்பவரின் உணர்ச்சி, சொல்லப்படுவதன் தர்க்கம். எனக்குப் பொறியியல் கல்லூரியில் மூன்றாவதை மட்டும்தான் சொல்லிக்கொடுத்தார்கள். பாலினம் உள்ளே நுழைவது முதலாவதில். ஒருவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அவருடைய தகுதியை அவை முடிவுசெய்துவிட்டால், தர்க்கம் எவ்வளவு நேர்த்தியாக இருந்து என்ன பயன்? ஏதென்ஸின் மக்கள் மன்றத்தில் பெண்களுக்கு இடமே இல்லை. அங்கே பிறந்த ஒரு கலையைப் பெண்கள் எப்படிக் கையாண்டார்கள் என்பதுதான் இப்பாடத்தின் அடிக்கேள்வி.

கேள்வி எளியது, சான்றுகள்தான் சிக்கல். பெரிக்ளிஸின் துணைவியான அஸ்பேசியா தமக்கு ரெட்டரிக் கற்றுக்கொடுத்ததாகவும், பெரிக்ளிஸின் புகழ்பெற்ற இரங்கலுரையை இயற்றியதே அவர்தான் என்றும் சாக்ரடீஸ் சொல்வதாக பிளாட்டோவின் 'மெனெக்ஸெனஸ்' உரையாடலில் வருகிறது. அது பாராட்டா கிண்டலா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. அஸ்பேசியா எழுதியதாக ஒரு வரிகூட நம்மிடம் இல்லை. செரில் க்ளென், சூசன் ஜாரட் போன்றவர்கள் 1990களில் அவரை ரெட்டரிக் வரலாற்றுக்குள் கொண்டுவந்தார்கள். ஆண்கள் எழுதிய சில வரிகளை வைத்து இவ்வளவு கட்டலாமா என்று 2000ல் 'காலேஜ் இங்கிலீஷ்' இதழில் ஷின் லியூ கேல் மறுத்தெழுதினார். அந்த வாதப்பிரதிவாதம் சுவாரசியமானது. மூவரும் பெண்கள், மூவரும் பேராசிரியர்கள் என்பதையும் கவனிக்கவேண்டும். 'பெண்ணியவாதிகள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள்' என்று நம்புகிறவர்கள் அந்தப் பக்கங்களைப் படிக்கலாம்.

ரோமில் கி.மு. 42ல், சீசரைக் கொன்றவர்களோடு போரிடப் பணம் தேவைப்பட்டபோது, செல்வந்தப் பெண்கள் 1400 பேரின் சொத்துக்கு வரி விதிக்க ஆட்சியிலிருந்த மூவர் முடிவுசெய்தார்கள். ஹோர்ட்டென்ஸியா என்ற பெண் மன்றத்துக்கே வந்து பேசினார். பதவியிலும் ஆட்சியிலும் பங்கில்லாத எங்களிடம் வரி மட்டும் எப்படிக் கேட்கிறீர்கள் என்பது அவர் வாதம். அந்த 1400, 400 ஆகக் குறைந்தது. ஆனால் நமக்குக் கிடைத்திருக்கும் உரை, சுமார் இரு நூற்றாண்டுகளுக்குப் பிறகு அப்பியன் கிரேக்க மொழியில் எழுதியது. அங்கும் இன்னொருவரின் பேனாதான்.

இந்த 'இன்னொருவரின் பேனா' மிகக் கூர்மையாகத் தெரியும் இடம் சோஜர்னர் ட்ரூத். இத்தகைய பாடத்துக்கு அவரைவிடப் பொருத்தமான பயிற்சி எனக்குத் தெரியவில்லை. 1797 வாக்கில் நியூயார்க் மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். எஜமானர்கள் டச்சுக்காரர்கள் என்பதால் அவர் முதலில் பேசிய மொழி டச்சு. எழுதப் படிக்கத் தெரியாது. விற்கப்பட்ட தன் மகனை மீட்க வழக்குத் தொடர்ந்து 1828ல் வென்றவர். 1843ல் தனக்குத் தானே இந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் பேசப் புறப்பட்டார். 1851 மே மாதம் ஒஹாயோ மாநிலத்தில் ஆக்ரன் நகரில் நடந்த பெண்கள் உரிமை மாநாட்டில் அவர் பேசியது, 'நான் பெண் இல்லையா' என்ற பெயரில் அமெரிக்கப் பள்ளிப் புத்தகங்கள் வரை சென்றுவிட்டது.

அந்தக் கேள்வியை அவர் கேட்டாரா என்பதே சந்தேகம்.

மாநாட்டில் இருந்த மரியஸ் ராபின்சன் என்ற பத்திரிகையாளர் அந்தப் பேச்சை 1851 ஜூன் மாதமே 'ஆன்டி ஸ்லேவரி ப்யூகிள்' இதழில் வெளியிட்டார். அதில் உழுததும் அறுத்ததும் வருகின்றன; ஆணுக்குச் சமமான உடல்வலிமை வருகிறது; ஏவாளும் ஏசுவும் வருகிறார்கள். 'நான் பெண் இல்லையா' வரவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1863 ஏப்ரலில், மாநாட்டுக்குத் தலைமைதாங்கிய பிரான்சிஸ் டேனா கேஜ் நினைவிலிருந்து இன்னொரு வடிவத்தை எழுதினார். அதில்தான் அந்தக் கேள்வி பல்லவிபோலத் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. அதில் பதின்மூன்று குழந்தைகளைப் பெற்றதாக அவர் சொல்கிறார். அவருக்குப் பிறந்தவர்கள் ஐந்து பேர் என்பதுதான் வரலாறு. இன்னும் விசித்திரம், டச்சு பேசி வளர்ந்த அந்த நியூயார்க் பெண் கேஜின் வடிவத்தில் தென்மாநிலத் தோட்ட அடிமையின் கொச்சையில் பேசுகிறார். வரலாற்றாசிரியர் நெல் இர்வின் பெயின்டர் 1996ல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில் இதையெல்லாம் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

இரண்டு வடிவங்களையும் அருகருகே வைத்து மாணவர்களிடம் கேட்கப்படும் கேள்வி 'எது உண்மை' என்பதோடு நின்றுவிடுவதில்லை. 1863ல் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. லிங்கனின் விடுதலைப் பிரகடனம் அந்த ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. ஏப்ரல் மாத 'அட்லாண்டிக்' இதழில் ஹாரியட் பீச்சர் ஸ்டோ ட்ரூத்தைப் பற்றி எழுதிய கட்டுரை பரவலாகப் படிக்கப்பட்டது. கேஜ் எழுதியது அதற்குச் சில வாரங்களில். வடமாநில வெள்ளை வாசகருக்கு எந்த அடிமைக்குரல் 'உண்மையாக'க் கேட்டிருக்கும்? தான் மதித்த ஒரு பெண்ணுக்குப் பெருமை சேர்க்கப் போய் அவருடைய குரலையே மாற்றிவிடுவது உதவியா அபகரிப்பா? அந்தப் பல்லவி இல்லாவிட்டால் இன்று அந்தப் பேச்சு யாருக்காவது நினைவிருக்குமா? இதில் எந்தப் பக்கம் நின்றும் நல்ல கட்டுரை எழுதலாம். பாட்டிமார் சொன்ன கதைகளை நாம் எழுதும்போது அவர்கள் வாயில் எந்த வட்டார வழக்கை வைக்கிறோம் என்று நம் எழுத்தாளர்களும் ஒருமுறை யோசித்துப்பார்க்கலாம்.

பாடத்தின் இன்னொரு பகுதி மொழியியலைத் தொட்டுச் செல்கிறது. ராபின் லேக்காஃப் 1975ல் வெளியிட்ட 'லாங்குவேஜ் அண்ட் உமன்ஸ் பிளேஸ்' என்ற சிறு நூல், பெண்களின் பேச்சில் தயக்கச் சொற்கள், 'இல்லையா?' என்று முடியும் வாக்கியங்கள், மிகைப் பணிவு ஆகியவை அதிகம் என்றும், அவை அவர்களை வலுவற்றவர்களாகக் காட்டுகின்றன என்றும் வாதிட்டது. லேக்காஃப் தன்னையும் தன் வட்டத்தையும் கவனித்து எழுதியவர். கணக்கெடுப்பு ஏதும் நடத்தவில்லை. வில்லியம் ஓ'பார், போமன் அட்கின்ஸ் இருவரும் வட கரோலினா நீதிமன்றங்களில் சாட்சிகளின் பேச்சைப் பதிவுசெய்து ஆராய்ந்து 1980ல் முடிவை வெளியிட்டார்கள். நீதிமன்ற அனுபவமுள்ள நிபுணர்களிடம், பெண்களாயினும், இந்தத் தயக்கங்கள் குறைவாக இருந்தன. சமூகத்தில் கீழ்நிலையில் இருந்தவர்களிடம், ஆண்களாயினும், அதிகமாக இருந்தன. இது பெண்மொழி அல்ல, அதிகாரமற்றவர்களின் மொழி என்றார்கள். ஒரு கருத்து, அதைச் சோதிக்க ஒரு தரவு, அதன்பின் திருத்திய கருத்து என்ற இந்த வரிசை என்னைப்போன்ற மென்பொருள்காரனுக்கு உடனே பிடித்துப்போகிறது.

இணையவழியில் வகுப்பு எப்படி நடக்கும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வாரத்துக்கு ஒரு பகுதி, படிக்கச் சில கட்டுரைகள், ஒரு வரைவு. அந்த வரைவைச் சக மாணவர்கள் இருவர் மூவர் படித்துக் குறிப்பெழுதுவார்கள். பிறகு திருத்தி எழுதவேண்டும். நாங்கள் அலுவலகத்தில் ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் பார்த்துச் சொல்வோமே, அதே முறைதான். எழுத்தாசிரியர்களின் தேசிய அமைப்பு 2013ல் வெளியிட்ட நெறிமுறையில், இணைய எழுத்து வகுப்பில் 20 பேருக்கு மேல் கூடாது, 15 பேர் இருந்தால் நல்லது என்றது. முகம் தெரியாத வகுப்பில் ஆசிரியரின் உழைப்பெல்லாம் குறிப்பெழுதுவதில்தான் போகிறது.

இனி சண்டைக்கு வருவோம். 1990ல் ஆஸ்டினிலுள்ள டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் லிண்டா ப்ராட்கி தலைமையிலான குழு, முதலாண்டு எழுத்துப் பாடம் முழுவதையும் இனம், பாலினம் தொடர்பான பாகுபாட்டு வழக்குகளின் தீர்ப்புகளைச் சுற்றி அமைக்கத் திட்டமிட்டது. நீதிபதிகள் எப்படி வாதிக்கிறார்கள் என்று மாணவர்கள் அலசவேண்டும். ஆனால் எழுத்து வகுப்பு அரசியல் வகுப்பாகிறது என்று அத்துறைப் பேராசிரியர்கள் சிலரே எதிர்த்தார்கள். செய்தி தேசியப் பத்திரிகைகளுக்குப் போயிற்று. ஜூலையில் திட்டம் ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு குழு பதவிவிலகியது. அந்தப் பாடம் திட்டமிட்டபடி நடக்கவேயில்லை. அதே பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் எழுத்துக் கற்பித்த மேக்சின் ஹேர்ஸ்டன் 1992ல் எழுதிய கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. மதிப்பெண் ஆசிரியர் கையில் இருக்கும்போது, மாணவர் தான் நினைப்பதை விட்டுவிட்டு ஆசிரியர் கேட்க விரும்புவதை எழுதிவிடுவார் என்பது அவர் அச்சம்.

சர்ச்சை அத்தோடு ஓயவில்லை. 2025 செப்டம்பரில் டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில், குழந்தை இலக்கிய வகுப்பில் பாலின அடையாளம் பற்றி எழுந்த வாக்குவாதத்தின் ஒளிப்பதிவு பரவி, ஆசிரியர் பணிநீக்கம் செய்யப்பட்டார். அம்மாதமே பல்கலைக்கழகத் தலைவரும் விலகினார்.

ஹேர்ஸ்டனின் அச்சத்தை நான் லேசாகத் தள்ளமாட்டேன். நம் ஊர்களில் தேர்வுத்தாள் திருத்துபவரின் மனம் அறிந்து எழுதியே மதிப்பெண் வாங்கிப் பழகியவர்கள் நாம். எந்த விடை எதிர்பார்க்கப்படுகிறது என்பதை முகர்ந்துவிடுவோம். ஆனால் இதற்கு மருந்து பாலினத்தைப் பாடத்திலிருந்து எடுப்பதல்ல என்றே நினைக்கிறேன். சோஜர்னர் ட்ரூத் பயிற்சியில் கேஜை ஆதரித்து எழுதிய மாணவரும் எதிர்த்து எழுதிய மாணவரும் ஒரே மதிப்பெண் வாங்கமுடியும். ஓ'பாரின் நீதிமன்றத் தரவு லேக்காஃபைத் திருத்துகிறது. அதைக் கற்பிக்க ஆசிரியருக்குத் தயக்கம் இருந்தால்தான் கவலைப்படவேண்டும். கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தாலே அந்த வகுப்பு எந்த ரகம் என்று தெரிந்துவிடும்.

கடைசியாகப் பிரதிப்பெயர் விவகாரம். பால் தெரியாத ஒருவரை ஆங்கிலத்தில் 'ஹீ' என்றே எழுதிவந்த வழக்கம் 1970களிலிருந்து கேள்விக்குள்ளானது. பன்மைக்குரிய 'தே' என்பதை ஒருமைக்கும் எழுதலாம் என்று உளவியல் சங்கத்தின் நடைக்கையேடு 2019லும், நவீன மொழிச் சங்கத்தின் கையேடு 2021லும் ஏற்றுக்கொண்டன. இலக்கணம் கெட்டுவிட்டது என்று அமெரிக்கர்கள் சிலர் அலுத்துக்கொள்வது நமக்கு வேடிக்கையாகத்தான் இருக்கும். நம்முடைய 'அவர்' இதே பாதையில் வந்ததுதானே. பலர்பால் சொல், மரியாதையாகி ஒருவருக்கும் பொருந்தியது. ஆணா பெண்ணா என்று அது சொல்வதில்லை. தமிழ்க் கதையை ஆங்கிலத்தில் பெயர்ப்பவர்கள், 'டாக்டர் வந்தார்' என்ற வாக்கியத்துக்கு அடுத்த வரியிலேயே 'ஹீ'யா 'ஷீ'யா என்று திணறுவார்கள்.

ஆனால் நம் 'அவர்' எல்லாருக்கும் கிடைப்பதில்லை. ஒரே கதையில் டாக்டரம்மா 'வந்தார்', பாத்திரம் தேய்க்கும் பெண் 'வந்தாள்', ரிக்ஷாக்காரர் 'வந்தான்'. பாலினத்தை மறைக்கிற சொல் அந்தஸ்தைக் காட்டிக்கொடுக்கிறது. ஓ'பாரும் அட்கின்ஸும் நீதிமன்றத்தில் கண்டதற்கு இது வெகு அருகில் இருக்கிறது. இந்த வகுப்பில் சேரும் தமிழ் மாணவர் இறுதிக் கட்டுரைக்குப் பொருள் தேடினால், வீட்டு அலமாரியிலிருந்து ஒரு சிறுகதைத் தொகுப்பை எடுத்து யாருக்கு 'ஆர்' விகுதி, யாருக்கு இல்லை என்று எண்ணத் தொடங்கலாம்.